வண்டிக்கு ஒரு விலாசம்

ஜுல்ஃபிகருக்கு வலது காது கேட்காது. பிறவிச் செவிடு இல்லை. போன வருஷம் யாங்கூனுக்கு அக்கரையில் டாலா பக்கத்துச் சோதனைச் சாவடியில் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அறைந்ததில் வந்தது. அறைந்தவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வேனின் ஓனர் புக்கைப் பிரித்தான், அதிலிருந்த பெயரைப் படித்தான், ஜுல்ஃபிகரின் முகத்தைப் பார்த்தான்.

“ஊ மௌங் கலேங்கிறது நீயா?”

“இல்லீங்க. அவருகிட்ட வாங்குனது.”

“அவரக் கூப்புடு.”

“அவரு மௌத்தாயிட்டாருங்க.”

அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை, அடித்தான். ஜுல்ஃபிகர் ரோட்டில் விழுந்து கிடக்கும்போதே முன்பக்கக் கண்ணாடி உடைகிற சத்தம் இடது காதில் கேட்டது. மனைவி சைதா வண்டிக்குள் இருந்து கத்திக்கொண்டே இறங்கினாள். அவளையும் ஒரு தள்ளு தள்ளினார்கள். கடைசியில் சாவடிப் பெரியவன் வந்து புத்தகத்தை மூஞ்சியில் எறிந்தான். “அடுத்த தடவ இதுல உன் பேரு இருக்கணும். இல்லன்னா வண்டி எங்களுது” என்றான்.

யாங்கூனில் பாதிப் பேர் வண்டி வாங்குவது இப்படித்தான். பெயரை மாற்ற யார் அலைவது? விற்றவன் தன் அடையாளக் கார்டின் நகலில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். புத்தகத்தில் அவன் பெயர் இருக்கும், வண்டியை வேறொருவன் ஓட்டுவான். விற்றவன் உயிரோடு இருக்கிறவரை எல்லாம் சௌகரியம். செத்துப்போனால்தான் தெரியும், நாம் ஓட்டுவது பிணத்தின் வண்டி என்று.

ஜுல்ஃபிகருக்கு வயது முப்பத்துமூன்று. முப்பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அவன் தொழில், கரண்டு போன ஊருக்குக் கரண்டு விற்பது. வேன் கூரையில் நாலு சோலார் தகடு, உள்ளே வரிசையாகப் பேட்டரிகள். த்வாண்டே பக்கத்துக் கிராமத்தில் போய் நிறுத்தினால், செல்போனும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு சனம் வந்து நிற்கும். கெட்டுப்போன இன்வெர்ட்டரையும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வான். பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, பலகைமேல் மெத்தை. அதுதான் படுக்கையறை. பின்கதவைத் தூக்கினால் அடுப்படி.

மூன்று வருஷத்துக்கு முன்பு, நகரத்தின் தின்கன்ஜூன் பகுதியில் குடியிருந்த வீட்டை இடித்து மாடி கட்டப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரன் துரத்திவிட்டான். துரத்தியதோடு நில்லாமல், வார்டு அலுவலகத்தில் அவர்கள் பெயரையும் பட்டியலிலிருந்து அடிக்கவைத்தான். அன்று முதல் வேன்தான் வீடு. ஆரம்பத்தில் அழுத சைதா ஆறே மாதத்தில் மாறிவிட்டாள். “வாடகையும் இல்ல, வீட்டுக்காரன் மூஞ்சியில முழிக்கிறதும் இல்ல” என்று சிரிப்பாள். வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

ஆனால் அந்த ஊர்ச் சட்டத்துக்கு வேனில் குடியிருக்கிறவன் மனுஷனே இல்லை. எவனுடைய பெயரும் ஏதாவது ஒரு வீட்டின் குடும்பப் பட்டியலில் இருக்க வேண்டும். வெளியே தங்கினால் விருந்தாளி என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு விலாசம் இல்லை. விலாசம் இல்லாதவன் பெயருக்கு வண்டியை மாற்ற முடியாது. செத்துப்போன ஓனரின் மனைவி, பாவம், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். இடித்தது விலாசம்தான்.

காது புண் ஆறுவதற்கு முன்பே ஜுல்ஃபிகர் வார்டு அலுவலகத்துக்குப் போனான். எழுத்தர் பேனாவை எடுத்து, “வீட்டு நம்பர்?” என்றார்.

“வண்டி நம்பர்தான் இருக்குங்க. வண்டிதான் வீடு.”

எழுத்தர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார். ஜுல்ஃபிகருக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். மேஜையில் ஓங்கிக் குத்தினான், மைக்கூடு கவிழ்ந்தது. காவலுக்கு நின்ற இரண்டு பேர் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போய், கீழே போட்டு மிதித்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று அங்கேயே விழுந்தது.

“வண்டிய வித்துத் தொலைச்சிருவோம் மச்சான்” என்றாள் சைதா, அவன் வாயைக் கழுவிவிட்டுக்கொண்டே. “ஆளு முழுசா இருந்தாப் போதும்.”

“வித்துட்டு எங்க படுப்ப? ரோட்டுலயா?”

அவனுக்கு வண்டிமேல் இருந்தது ஆசை இல்லை, வெறி. ஒவ்வொரு ஒயரும் அவன் கையால் இழுத்தது. அந்த வண்டியை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அந்த நேரத்தில்தான் ஷாநவாஸ் காக்கா கைகொடுத்தார். தின்கன்ஜூனில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், நாற்பத்துநாலு வயது, ஜுல்ஃபிகருக்குப் பத்து வருஷமாக ஒயர் விற்கிறவர். அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கைவைத்தார்.

“என் வூட்டுப் பட்டியல்ல உன்னயச் சேத்துர்றேன் ஜுல்ஃபி. தம்பின்னு போட்டுரலாம்.”

“எவ்வளவு ஆகும் காக்கா?”

“சீ! தம்பிகிட்ட காசு வாங்குவாங்களா? யாபாத்தே, யாபாத்தே.”

பரவாயில்லை, பரவாயில்லை என்று பர்மிய மொழியில் அவர் சொல்லச் சொல்ல ஜுல்ஃபிகர் அழுதுவிட்டான். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒரு முழ ஒயருக்குக்கூட விலை குறைக்காத மனுஷர் அவர். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஒருத்தி கேட்டாள், அவளை இவன் கேட்கவிடவில்லை.

“என்னயவும் சேப்பாராமா?” என்றாள் சைதா.

“உன்னய அடுத்த மாசம் சேக்கலாம்னாரு.”

“ஒரே காயிதத்துல எழுதறதுக்கு என்ன அடுத்த மாசம்? மச்சான், இது எனக்குச் சரியாப் படல.”

“நல்லது செய்யவந்தவனையும் நோண்டாத. உன் நாக்குக்கு அளவே கிடையாது” என்று எரிந்து விழுந்தான்.

வார்டு அலுவலகத்தில் ஷாநவாஸ் கூடவே நின்றார். இந்த முறை எழுத்தர் சிரிக்கவில்லை, மரியாதையாக எழுதினார். ஜுல்ஃபிகர் தன் பெயரை மட்டும் மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தான். அதற்கு மேல்வரியில் புது மையில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. உஸாமா. ஷாநவாஸின் கூடப்பிறந்த தம்பி, இருபத்துநாலு வயது. வேறு ஊர் போய்விட்டதாகப் பக்கத்தில் எழுதியிருந்தது. ஜுல்ஃபிகர் அந்த வரியைப் படிக்கவே இல்லை. சந்தோஷம் வந்தால் கண் தெரியாது.

வண்டிப் பதிவு ஆபீஸில் எல்லாம் வெண்ணெயாக நடந்தது. புதிய ஓனர் புக்கில் அவன் பெயர், அவன் விலாசம். வண்டி வீட்டுக்கும் ஒரு விலாசம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்குச் சைதாவே கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் தேவராஜ் போன் பண்ணினான். வார்டு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன்.

“ஜுல்ஃபி, நீ எங்க இருக்க? பட்டாளத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டாங்கப்பா. ஷாநவாஸ் வூட்டு நம்பர் விழுந்திருக்கு. வூட்டுக்கு ஒரு ஆம்பளயாம், முப்பத்தஞ்சுக்குள்ள. அந்த வூட்டுல அந்த வயசுக்கு உன் பேரு மட்டுந்தான் இருக்குங்கறாங்க.”

“உஸாமா இருக்கானே!”

“அவன் பேரு இல்லியே. உன்னயச் சேத்த அன்னிக்கே அவனை அடிச்சாச்சாம். நீ இந்தப் பக்கம் வராத.”

வராதே என்றால் போகிற ரகம் ஜுல்ஃபிகர். சைதா எவ்வளவோ சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை, நல்ல காதிலும்தான். கடை வாசலுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி, சாவியைக்கூட எடுக்காமல் குதித்து இறங்கினான்.

ஷாநவாஸ் கல்லாவில் இருந்தார். இவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். “ஜுல்ஃபி, உக்காரு, டீ சொல்றேன்” என்றார். டீ என்ற வார்த்தை முடிவதற்குள் ஜுல்ஃபிகர் அவர் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி மேஜையில் மோதினான். மேஜை விரிசல் விட்டது, நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது.

“தம்பின்னியே! தம்பின்னியே என்னய!”

“உஸாமா சின்னப் பய ஜுல்ஃபி. எங்க உம்மா மௌத்தாறப்ப என் கையில புடிச்சுக் குடுத்துச்சு. நான் என்ன செய்வேன்?”

“என் பொஞ்சாதிய யாரு கையில புடிச்சுக் குடுக்கட்டும்?”

ஜுல்ஃபிகர் கடைக் கதவை இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்தான். ஷாநவாஸ் கையைத் தூக்கித் தடுத்தார், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. மறுபடி ஓங்கினான். உள்ளேயிருந்து ஷாநவாஸின் மனைவி ருக்சானா ஓடிவந்து புருஷன்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். “அடி, என்னயும் அடி!” என்று அலறினாள். நேற்றுவரை அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டவன் அவன். ஓங்கிய கொக்கி இறங்கவில்லை.

அந்த ஒரு நொடி போதும் ஷாநவாஸுக்கு. தெருவைப் பார்த்துப் பர்மிய மொழியில் கூவினார். நீங்கள் தேடுகிற ஆள் இங்கே இருக்கிறான், பிடியுங்கள் என்று. துளி வெட்கம் இருந்ததா அந்தக் குரலில்? இல்லை. வார்டு ஆட்கள் மூன்று பேர் தடியோடு ஓடிவந்தார்கள்.

முதல் அடி ஜுல்ஃபிகரின் தோளில் விழுந்தது. கொக்கியை வீசினான், ஒருவன் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற இருவரும் அவனை வாசலுக்கு இழுத்துத் தரையில் அழுத்திக் கையை முறுக்கினார்கள். சைதா அதற்குள் ஓட்டுநர் இடத்துக்கு மாறியிருந்தாள். வண்டியைத் திருப்பி, பின்னால் எடுத்துக் கடைப் படியில் ஏற்றினாள். வேனின் பின்பக்கம், எழுந்து ஓடப்பார்த்த ஒருவன் இடுப்பில் இடித்து அவனைச் சுவரோடு தள்ளியது. இன்னொருவன் விலகிக் குதித்தான். “ஏறு மச்சான்!” என்று கத்தினாள். அவன் பக்கக் கதவில் தொற்றி ஏறினான். பின்னாலிருந்து கல் பறந்து வந்து கண்ணாடி நொறுங்கியது.

மேற்கே ஆற்றுப் பாலம் தாண்டி த்வாண்டே ரோட்டில் ஒரு சோதனைச் சாவடி. ஜுல்ஃபிகர் ரத்தச் சட்டையைக் கழற்றிப் பேட்டரிக்குப் பின்னால் திணித்து வேறு சட்டை போட்டிருந்தான். நின்றவன் ஓனர் புக்கைப் பிரித்தான், கார்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். மூன்றும் ஒத்துப்போயின. உடைந்த கண்ணாடிக்கு, ரோட்டில் பையன்கள் கல்லெறிந்தார்கள் என்றாள் சைதா. “போங்க” என்று கையைக் காட்டினான். பல்லும் காதும் கொடுத்து வாங்கிய புத்தகம் அவனுக்குச் செய்த வேலை அது ஒன்றுதான்.

கால்வாய்க் கரையில், சனம் இல்லாத இடத்தில் சைதா வண்டியை நிறுத்தினாள். தேவராஜ் மறுபடி கூப்பிட்டான். வண்டி நம்பரை எல்லாச் சாவடிக்கும் சொல்லிவிட்டார்கள், பெயரும் விலாசமும் போட்டோவும் போய்விட்டது என்றான். செத்தவன் பெயரிலேயே இருந்திருந்தால் எவனும் தேடியிருக்க முடியாது. அதை நினைத்தபோது ஜுல்ஃபிகருக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

“எறங்கு மச்சான். வண்டியத் தண்ணியில விட்டுருவோம்.”

“பைத்தியமாடி நீ? இது நம்ம வூடு!”

“இது உன்னயப் புடிச்சுக் குடுக்கப் போற வண்டி. எறங்கு.”

அவன் இறங்கினான், பின்பக்கம் போய் வண்டியைப் பிடித்து நிறுத்த. அவள் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுக் குதித்தாள். கரை சரிவு. வேன் மெதுவாக நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. ஜுல்ஃபிகர் பின்கதவின் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். மண்ணும் கல்லும் முழங்காலைச் சீவ, சரிவில் அவனையும் இழுத்துக்கொண்டு போனது வண்டி. சைதா அவன்மேல் பாய்ந்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்து அவன் கையைக் கடித்தாள். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். அவன் அலறிக் கையை விட்டான். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். வேன் மூக்கைத் தாழ்த்தித் தண்ணீரில் இறங்கியது. சோலார் தகடுகள் கொஞ்ச நேரம் வெயிலில் மின்னின, அப்புறம் அவையும் இல்லை.

அவளை அடிக்க அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை, வாயெல்லாம் அவன் ரத்தம்.

“அடிச்சுக்க. அடிக்கறதுக்கு உனக்குக் கை இருக்குல்ல, அது போதும் எனக்கு.”

அவன் கை தானாக இறங்கியது.

பஸ் ரோட்டுக்கு அங்கிருந்து இரண்டு மைல். அந்த இரண்டு மைலும் சைதா அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. விட்டால் திரும்பி ஓடித் தண்ணீரில் குதிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.