ஸ்கேன் அறையில் ஒரு கை

கிட்டே வந்து உட்காருங்கள் மக்கா. பயந்தால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒரு கதை சொல்லப் போகிறேன். கதை என்று வாய்க்கு வந்துவிட்டது; நடந்தது இது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பட்டப்பகலில்.

1987, ஆடி மாதம். என் தங்கை பூமாரிக்கு மூச்சு முட்டியது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து நின்றது. சங்கரன்கோவில்காரர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெஞ்சில் பூசினோம். நான்கு நாள். ஐந்தாம் நாள் உதடு நீலம் பாய்ந்தது. அவளுடைய சின்னப் பிள்ளை இன்னும் பால் மறக்கவில்லை. ஊரில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மணி 11.40. டாக்டர் நமச்சிவாயம் குழாய் வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"இருதயச் சத்தம் கிணத்துக்குள்ள இருந்து கேக்க மாதிரி இருக்கு. சுத்தி நீர் கட்டியிருக்கணும். மதுரைக்குக் கொண்டு போனாத்தான்..."

"மதுரை வரைக்கும் தாங்குவாளா அய்யா?"

அவர் ஸ்கேன் அறைக் கதவைத் திறந்தார்.

கர்ப்பிணிகளைப் பார்க்க அந்த மாதம்தான் ஸ்கேன் மிஷின் வாங்கியிருந்தார். "இதுல நெஞ்சைப் பாத்ததில்ல. பாத்துருவோம்" என்றார். திரையில் படம் தெரிய வேண்டும் என்று அந்த அறை ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு.

டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினை முடுக்கினார். நர்ஸ் பேச்சித்தாய் பூமாரியை மல்லாக்கப் படுக்க வைத்து, மண்ணைத் துடைத்தாள்.

"என்ன யக்கா, வயக்காட்டையே அப்பி வச்சிருக்கிய!"

துணியை அலசத் திரும்பினோம். மறுபடி பார்த்தால்... பூமாரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரலைத் தூக்கத் தெம்பில்லாதவள்.

பேச்சித்தாய் திரும்பவும் படுக்க வைத்தாள். திரும்பவும் உட்கார்ந்திருந்தாள்.

"யாருட்டி தூக்கி வச்சது?" என்றேன்.

"அந்த அக்கா..." என்றாள் பூமாரி.

அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "உக்காந்தே இருக்கட்டும்" என்றார். கண் அந்தக் கட்டிலிலேயே நின்றது.

12.10. மிஷினோடு வயரில் தொங்கிய கைப்பிடியை அவள் விலாவுக்குக் கீழே அழுத்தினார். திரையில் கறுப்பு வளையம். அதற்குள் இருதயம், தண்ணீரில் விழுந்த கோழிக்குஞ்சாகத் தத்தளித்தது.

"நீர்தான். நெருக்குது. இப்பவே எடுக்கணும். பேச்சி, பாட்டில் கொண்டா!"

அவள் ஓடினாள். நான் பூமாரியின் காலைப் பிடித்துக்கொண்டேன். ஊசிக்கு டாக்டரின் இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைப்பிடியை நீட்டினார்.

"பேச்சி, ஆடாமப் பிடி."

ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

திரை வெளிச்சத்தில் பார்த்தேன். கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். துளி ஆட்டம் இல்லை. வளையல் சத்தம்கூட இல்லை. முழங்கைக்கு மேலே...

இருட்டு.

ஊசி இறங்கியது. சிவந்த நீர் சிரிஞ்சில் ஏறியது. கறுப்பு வளையம் சுருங்கியது. இருதயம் துள்ளியது.

12.19. கதவு திறந்தது.

பாட்டிலோடு பேச்சித்தாய் நின்றாள்.

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

கைப்பிடி மெத்தையில் கிடந்தது...

பூமாரி பிழைத்தாள். மூன்றாம் நாள், அந்தக் கைப்பிடியைப் பிடித்தது யார் என்று டாக்டரிடம் கேட்டேன். 

"பேச்சி வெளிய இருந்து வரவும், நீங்கதான் பிடிச்சியன்னு நெனச்சேன்மா" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "சித்திரையில சிவகிரில இருந்து ஒருத்தி வந்தா. ஆனந்தவல்லி. இதே கட்டில். வெறும் களைப்புன்னு நெனச்சுப் படுக்க வச்சேன். தூக்கி உக்கார வையுங்கன்னு கெஞ்சுனா. நான் கேக்கல. பத்து நிமிசம்தான், போயிட்டா. கழுத்து நரம்பு இவளுக்கு மாதிரியே நின்னுச்சு. அது என்ன நோவுன்னு புஸ்தகத்துல பாத்ததெல்லாம் பொறவுதான்."

நான் வளையலைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பேச்சித்தாய் மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு அப்ப ஏழு மாசம் யக்கா. வளைகாப்புப் போட்டு மூணே நாள். கழட்ட மனசு வரல... வளையலோடதான் அனுப்பி வச்சோம்."

அவ்வளவுதான் மக்கா. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சு முட்டாமல் இருக்கட்டும். முட்டினாலும், தூக்கி உட்கார வைக்க உயிருள்ள ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்.