நைனா தப்பாகச் சொன்ன தெலுங்கு

எங்கள் நைனாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. சித்தூர் மாங்காய் மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். காலையில் தமிழில் ஆரம்பித்த சண்டையைத் தெலுங்கில் முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டையும் கலந்து அம்மாவிடம் சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை ஒரு தெலுங்கு வார்த்தைக்குத் தப்பான அர்த்தம் சொன்னார். நாலாவது முடித்திருந்த எனக்கே அது தப்பென்று தெரிந்தது.

அது கோடை லீவு. நைனாவின் தம்பி, என் சித்தப்பா, பாகாலாவுக்குப் பக்கத்தில் பைக்கோடு விழுந்துவிட்டார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் பத்திரமாக இருந்ததாம். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவிடம் கைக்குழந்தை இருந்ததால், சின்னம்மாவுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். சின்னம்மா அரக்கோணத்துப் பக்கத்துப் பெண். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்குத் தெரிந்த தெலுங்கு பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூடக் காணாது. காய்கறிக் கடைக்குப் போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவாள், நான் தெலுங்கு மீடியம் என்று. எனக்கும் அதில் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது.

ஐ.சி.யூ.விலிருந்து டாக்டர் வெளியே வந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கடைசியில், “மெதடு சனிபோயிந்தம்மா” என்றார்.

“இன்னா மாமா சொல்றாரு?” என்று சின்னம்மா நைனாவைக் கேட்டாள்.

நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு, “மூளை போயிட்ச்சாம்மா” என்றார்.

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போனா போவுது மாமா. பைத்தியமா இருந்தா இன்னா, நான் வச்சிப் பாத்துக்கறேன். ஆளு கீறாரே, அது போதும்.”

எங்கள் வீடுகளில் மூளை போய்விட்டது என்றால் அதுதான் அர்த்தம். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாலும் அம்மா, “மூளை போயிட்ச்சாடி உனக்கு?” என்றுதான் கேட்பாள். அவளைத் திருத்தாமல் நைனா, டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எனக்கோ வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. எங்கள் ஹெட்மாஸ்டரின் அம்மாவுக்காக லீவு விட்டபோது டீச்சர் சொன்ன ‘சனிபோயிந்தி’ அல்லவா அது? ஆனால் பெரியவர்கள் பேச்சில் குறுக்கே புகுந்தால் முதுகில் ஒன்று விழும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முழுக்க சின்னம்மா ஒரு பைத்தியக்காரனோடு குடித்தனம் நடத்தத் தயாராகிக்கொண்டிருந்தாள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது, கிணற்றுக்கு மூடி போட வேண்டும், அரிவாள்மணையைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னாள். “துன்னத் தெரிலன்னா ஊட்டி வுடறேன். அடிச்சார்னா வாங்கிக்கறேன்” என்றாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். எதையும் கேட்கவில்லை, நன்றிதான் சொன்னாள்.

எங்களை உள்ளே விட்டபோது சித்தப்பாவின் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கை சூடாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூச்சைக் கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் ஆண்டவர் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூச்சு இருக்கிறது, அப்படியென்றால் டாக்டர்தான் ஏதோ உளறியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் இன்னொரு பரிசோதனையும் முடிந்தது. ஒரு பெண் டாக்டர் வந்து சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் மெதுவாகப் பேசினார். நைனா, “கிட்னி, லிவரு… வேற யாருக்கோ வச்சிப் பொழைக்க வைக்கறதுக்காம்மா. குடுக்கறீங்களான்னு கேக்கறாங்க” என்றார்.

சின்னம்மா கையை உதறினாள். “உயிரோட கீற மனுசங்கிட்டயா அறுத்து எடுக்கறாங்க? நல்லாருப்பாங்களா இவங்க?”

நைனா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். சின்னம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, நீ படிக்கறியே. நேத்து டாக்டரு சொன்னாரே, அதுக்கு இன்னாடி அர்த்தம்?”

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. வகுப்பில் நிற்பது மாதிரி எழுந்து நின்று சொன்னேன்: “மெதடுன்னா மூளை. சனிபோயிந்தின்னா செத்துப்போச்சு. நைனா தப்பாச் சொல்லிட்டாரு சின்னம்மா.”

சின்னம்மா எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

“அப்ப அது யாரு மூச்சு?” என்றாள்.

அவள் தமிழில் கேட்டது அந்தப் பெண் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. “மெஷின்தி அம்மா” என்றார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சின்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயந்திரம் அவளாகவே டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். “கண்ண மட்டும் வுட்டுடுங்க, அது என்னப் பாத்துக்கினு இருந்த கண்ணு” என்றாள்.

ரோட்டு விபத்து என்பதால் பிரேதப் பரிசோதனையும் செய்துதான் கொடுத்தார்கள். தலையில் அடிபட்டதால் சாவு என்று அந்தப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார். அது அங்கே நின்ற பாகாலா கான்ஸ்டபிளுக்கும் தெரியும், சட்டத்துக்குத்தான் அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எதனால் என்பதில் தகராறு இல்லை. என்றைக்கு என்பதில்தான் வந்தது. கல்லறையில் கல் வைக்கும்போது, மறைவு என்று எந்தத் தேதியைப் போடுவது? விழுந்த நாள் என்றார் நைனா. கடைசியில் மெஷினை நிறுத்திய நாள் என்றார் எங்கள் சர்ச் பாதிரியாரான சபை ஐயர். சின்னம்மா, “பாப்பா சொன்னாளே, அந்த நாளப் போடுங்க” என்றாள். சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் தேதிதான் இருக்கிறது. வருஷா வருஷம் அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, அந்தத் தேதியைத் தொடாமல் நகர்ந்துபோய் நின்றுகொள்வேன்.

தம்பியைப் பற்றி அந்த வார்த்தையைத் தமிழில் சொல்ல நைனாவுக்கு நாக்கு எழவில்லை என்பது எனக்கு அன்று எங்கே தெரியும்? நான் சொல்லி முடித்ததும் அவர் கிட்டே வந்து என் தலைமேல் கையை வைத்து அழுத்தினார். என் தெலுங்கை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.