நாற்பது 'எஸ் மேடம்'

திருத்தணியில் நர்சிங் ஆசிரியையாக இருக்கிறேன். கொரோனா சமயத்தில் பி.பி. பார்ப்பதை செல்போனில்தான் சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெத்தை என் காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் ஆரம்பிக்கும் இடம் மேல் அளவு, நிற்கும் இடம் கீழ் அளவு என்றேன். "புரிஞ்சுதா?" என்றதும் நாற்பது பேரும் 'எஸ் மேடம்' என்று டைப் செய்தார்கள்.

கல்லூரி திறந்ததும் நேராக ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பினோம். மூன்றாவது மாதம், மலைப்படி இறங்கும்போது தலை சுற்றியதாக வந்த ஓர் அம்மாவுக்கு, அம்மையார்குப்பத்து மாணவி சீட்டில் 120/80 என்று எழுதினாள். சரியான அளவுதானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சும் நின்று, தூக்கிக்கொண்டு வந்தார்கள். பி.பி. இருநூறுக்கு மேல் இருந்தது.

மாணவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க மேடம். அந்த சத்தம் எப்பிடி இருக்கும்னே தெரியாது. அதான் புக்குல இருந்த நார்மல் அளவை எழுதிட்டேன். போன் கிளாஸப்ப வீட்ல தறி ஓடிகினே இருக்கும், நீங்க பேசறதே பாதிதான் கேக்கும். எல்லாரும் எஸ் போட்டாங்க, நானும் போட்டேன்."

இப்போதெல்லாம் புரிந்ததா என்று யாரையும் கேட்பதில்லை. முதலில் நான் பார்த்து, அளவைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறேன். மாணவி சொல்வது அதோடு ஒத்துப்போனால்தான் நோயாளியிடம் விடுகிறேன். முதல் நாள் அப்படிச் சோதித்தபோது, நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய மூன்று மாதமும் அவர்கள் எழுதிய பி.பி. சீட்டுகள் எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது.