தகப்பன் பேர் யூபா

திருவண்ணாமலைக்கு வந்த முதல் வருஷம் எனக்குப் பழகாமல் போனது வெயிலும் அல்ல, தண்ணீரும் அல்ல. இந்த ஊர்ப் பெண்களின் கண்கள். காலையில் செங்கம் ரோட்டுக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பேன். ஆறு வயது சன்சன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லாருடைய பார்வையும் முதலில் அவள் முகத்துக்குப் போகும், அங்கிருந்து என் முகத்துக்கு வரும், மறுபடி அவளிடம் போகும். சந்தையில் ஜோடி மாடு பார்க்கிறவன் பார்ப்பானே, அப்படி. ரங்கூனில் தெருவில் எதிர்ப்படுகிறவர் ‘தமின் சாபிபிலா’ என்பார். சோறு தின்றாயா என்று அர்த்தம். நம் பேச்சு மாதிரியே காதில் விழும். இங்கே சோற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குழந்தையின் கன்னத்தில் நான் பூசிவிட்ட தனக்கா மரச் சாந்தைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு முனியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏங்கா, புள்ளைக்கு அம்மை போட்டிருக்குதா? மூஞ்செல்லாம் என்னத்தையோ பூசிக்கினு இருக்க?”

“அம்மையில்லடி. ரங்கூன்ல இதான் பவுடரு.”

“கட்டையத் தேச்சா பவுடராயிடுமா? அது சரி, உன் ஜாடை கொஞ்சங்கூட இல்லியே. யாரு சாயல்?”

“தண்ணி நிரம்பி வழியுது பாரு” என்று சொல்லிவிட்டு என் குடத்தைத் தூக்கினேன். அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. ரங்கூனில் இன்னும் இருக்கிற நம்மவர்களுக்கும், என்னைப் போல் மூட்டையோடு கப்பலேறி வந்தவர்களுக்கும் இப்போது சொல்கிறேன். போன மாசம் சன்சனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இனி எந்தக் கோர்ட்டும் அவளுக்குக் கார்டியன் போட முடியாது. நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. என் வீட்டுக்காரர் சாய்ங்காலங்களில் சிலேட்டில் போட்டுக்கொடுத்த எழுத்துத்தான் எனக்குத் தெரிந்தது. மெதுவாகத்தான் எழுதுவேன். மெதுவாகவே படியுங்கள்.

என் வீட்டுக்காரர் ரங்கூன் துறைமுகத்தில் மேஸ்திரி. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் நான் ஒருவர் வாசலிலும் போய் நிற்கவில்லை. தெருமுனையில் இட்லிக்கடை போட்டேன். தமிழன், பர்மாக்காரன், சீனன் எல்லாரும் வந்து தின்றார்கள். பக்கத்து வீட்டில் மா டின் என்று ஒரு பர்மாக்காரப் பெண் சுருட்டு சுற்றிப் பிழைத்தாள். புருஷன் எங்கோ போய்விட்டான். கைக்குழந்தை ஒன்று. ஒருநாள் காலையில் காய்ச்சலோடு என் கடை வாசலில் வந்து நின்று குழந்தையை நீட்டினாள். “அமே, யூபா” என்றாள். அமே என்றால் அம்மா. யூபா என்றால் எடுத்துக்கொள். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் செத்துப்போனாள். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. சன்சன் என்னையே அமே என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

அந்நிய நாட்டுக்காரர் இங்கே தங்கக் காகிதம் எடு, வருஷா வருஷம் அதைப் புதுப்பி என்று சர்க்கார் நெருக்க ஆரம்பித்ததும் நம் ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நானும் கிளம்பினேன். துறைமுகத்தில் இருந்த அதிகாரி சன்சன் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். பர்மாக் குழந்தையை வெளியே கொண்டுபோக விடமாட்டோம் என்றார். அங்கேயும் அதே பார்வைதான், அவள் முகம், என் முகம், திரும்ப அவள் முகம். “நான் பெத்த பொண்ணு” என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பின்னால் வரிசை நீண்டிருந்தது. என் வயதைக் குறைத்து நாற்பத்தெட்டு என்று அவரே போட்டு, சொந்த மகள் என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த ஒரு காகிதத்தை மடியில் கட்டிக்கொண்டு சென்னையில் இறங்கினேன்.

கீழ்பென்னாத்தூரில் என் வீட்டுக்காரரின் தம்பி இருந்தார். குழந்தையைப் பார்த்தவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வந்த வண்டியிலேயே திரும்பி, திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு அறை பிடித்தேன். அங்கே வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களுக்குத் துணி துவைக்கிற வேலை கிடைத்தது. கடை வைத்து நாலு பேருக்குச் சோறு போட்ட கை, இருந்தாலும் துவைத்தேன். அதில் ஒரு அம்மாள் புருஷனோடு மாதக்கணக்காகத் தங்கியிருந்தாள். எந்தத் தேசம் என்று சொன்னாள், என் வாயில் அது நிற்கவில்லை. பிள்ளை இல்லை. சன்சனைக் கண்டால் மடியில் உட்காரவைத்துக்கொள்வாள், தலை வாரிவிடுவாள். எனக்கு அப்போதே சந்தேகம். காரணமில்லாமல் ஒருத்தி பிறத்தியார் பிள்ளைக்குத் தலை வாருவாளா? அவள் புஸ்தகம் பார்த்துத் தமிழ் படித்தவள். ஒருநாள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

“இந்தக் குழந்தை யாருடைய குழந்தை?”

வழக்கம்போல நழுவினேன். “எல்லாம் அண்ணாமலையார் குடுத்த புள்ளதாம்மா.”

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். எதற்கு அழுகிறாள் என்று புரியாமல் ஈரத் துணியோடு நின்றேன். சாமி கொடுத்தது என்றால், தாய் தகப்பன் இல்லாமல் கோயிலில் கிடந்த குழந்தை என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அது எனக்குத் தெரிந்தது, இரண்டு மாசம் கழித்துக் கோர்ட்டுக் காகிதம் வந்தபோதுதான்.

கோர்ட்டு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் குமாஸ்தாவிடம் அதைக் கொண்டுபோனேன். நிதானமான மனுஷர். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பெரியம்மா, இந்தப் பொண்ணுக்குத் தன்னைக் கார்டியனாப் போடச் சொல்லி அந்த வெள்ளைக்காரரு கேட்டிருக்காரு.”

“கார்டியன்னா காவக்காரனாப்பா? இருந்துட்டுப் போறான். தத்து இல்லியே? தண்ணி வுட்டுத் தாரை வாத்தாத்தான தத்து?”

“அங்கதான் ஏமாந்துடுவீங்க. வெளிநாட்டுக்காரங்க நம்ம சட்டத்துல தத்து எடுக்க முடியாது. அதனால கார்டியன்னு உத்தரவு வாங்கிக்கினு கப்பல் ஏத்திடுவாங்க. தத்தெல்லாம் அவங்க ஊர்ல போய். தண்ணியும் இல்ல, தாரையும் இல்ல.”

“அப்ப நான் தத்து எடுத்துக்கறேன்.”

“எடுக்கலாம். புதுச் சட்டத்துல விதவையும் எடுக்கலாம். பர்மாக் குழந்தைன்னாலும், பௌத்தரும் அதுல சேத்திதான். ஆனா பெத்தவங்க நின்னு குடுக்கணும். யாரு குடுப்பாங்க?”

“குடுத்தவ செத்துட்டா.”

அவர் கப்பல் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் சொந்த மகள் என்று இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார். “பெத்தவ வேறன்னு நீங்க வாயத் தொறந்தா இது பொய்க் காகிதம் ஆயிடும். அப்புறம் புள்ள யாருக்கும் சொந்தமில்ல. கார்டியன் கேக்கறவங்களுக்கு வழி சுலுவு.” வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. ஆறு வருஷம் சோறு ஊட்டியவளுக்கு வழி இல்லை. தலை வாரியவளுக்கு வழி சுலுவு.

கோர்ட்டு கேட்டுக்கொண்டபடி தாசில்தார் விசாரித்தார். சன்சனையும் கூட்டிப்போனேன். அந்த வெள்ளைக்காரம்மா ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முனியம்மா புருஷன் அதே ஆபீஸில் சேவகன், கதவோரம் நின்றான். நான் சொல்லப்போவது நான் வீடு போகுமுன் குழாயடிக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

“இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன ஆவணும்மா?”

“பொண்ணுங்க.”

“வளர்த்த பொண்ணா?”

“பெத்த பொண்ணு.”

தாசில்தார் காகிதத்தைப் புரட்டினார். “உங்க வீட்டுக்காரர் எப்ப தவறினாரு?”

“ஜப்பான் குண்டுல.”

அவர் விரலை மடித்து ஏதோ கணக்குப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. “அவர் போய் ஒம்போது வருஷம் கழிச்சுப் பொறந்திருக்குது. என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா அழிக்க முடியாது.”

பதினாறு வருஷம் ரங்கூன் தெருவில் தனியாக இருந்தவள் நான். ஒருவன் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை; சொல்ல விட்டதில்லை. “யோசிச்சுதாங்க சொல்றேன். எழுதிக்குங்க. நான் பெத்தது” என்றேன்.

“தகப்பன் பேரு?”

அதை நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. பர்மாவில் பெரிய ஆண்பிள்ளை பேருக்கு முன்னால் ஊ போடுவார்கள். ஊ பா என்றால் ஆள் பேர் போலவே இருக்கும். என் வாயில் வந்தது மட்டும் வேறு. “யூபா” என்றேன்.

சன்சன் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளுக்கு மட்டும்தானே அந்தப் பாஷை தெரியும். என் கையை இழுத்து, பர்மியில், “அமே, எதை எடுத்துக்கணும்?” என்றாள்.

“என்னம்மா கேக்கறா?” என்றார் தாசில்தார்.

“அப்பன் பேரக் கேட்டதும் சிரிக்கிறாளுங்க.”

யூபா என்று குமாஸ்தா எழுதினார். நான் கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக்கூட்டிக் கையெழுத்தே போட்டேன்.

மறுநாள் அந்த அம்மாள் என் அறைக்கு வந்தாள். “மன்னிக்கவும். எனக்குத் தாய் இருப்பது தெரியாது” என்றாள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து வேறெங்கோ ஒரு விடுதியிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். அவள் நல்லவள்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியிருந்தால் சன்சன் போயிருப்பாள். இப்போது அப்படிப் போகிற குழந்தைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள் என்கிறார்கள். காகிதமெல்லாம் சரியாகத்தான் இருக்குமாம். பெற்றவள் வாயால் என்ன சொன்னாள் என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குச் சந்தேகம்.

குழாயடியில் அதற்குப் பிறகு ஒருவரும் சன்சனைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். முனியம்மா தன் குடத்தை ஒரு முழம் நகர்த்தி வைத்துக்கொண்டு, “ரங்கூன்ல இட்லி மட்டுந்தான் வித்தியாக்கா?” என்றாள்.

“இல்லடி, மானத்தையும் வித்தேன். மிச்சம் கொஞ்சம் இருக்குது. உனக்கு வேணும்னா சொல்லு, கம்மியா போட்டுத் தரேன்.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் சன்சன் பேர் சந்திரா. எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் கைக்கு வந்தபோது அதில் யூ. சந்திரா என்று இருந்தது. வெகுநேரம் அந்த முதலெழுத்தைப் பார்த்துவிட்டு, “அமே, எடுத்துக்கோன்னு சொன்னது யாரு?” என்று கேட்டாள். மா டின்னைப் பற்றி அத்தனையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்கே விடை தெரியாது. காய்ச்சல்காரி அவள். வைத்துக்கொள் என்றாளா, மருந்து வாங்கி வரும்வரை கொஞ்சம் பிடித்துக்கொள் என்றாளா? அந்த வெள்ளைக்காரம்மா உத்தரவு வாங்கிக்கொண்டு கடல் கடத்தப் பார்த்தாள். நான் பொய்யைச் சொல்லிக் கடத்தியே விட்டேன். மற்றவர் எல்லார் மேலும் சந்தேகப்பட்டவள், கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறேன்.

அண்ணாமலையார் மலை இப்போது நாங்கள் குடியிருக்கிற டவுன் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் மொட்டைமாடியில் நின்று அதைக் கும்பிட்டால் ரங்கூன் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. மா டின்னைப் பற்றிச் சொன்ன மறுநாளிலிருந்து சன்சன் மலையை ஒருதரம் கும்பிடுகிறாள். பிறகு கிழக்கே திரும்பி, மண்டியிட்டு, பர்மாக்காரர் மாதிரி நெற்றி தரையில் பட மூன்று தரம் கும்பிடுகிறாள். அவள் திரும்பும்போது நான் எதிரே நின்றால் அந்தக் கும்பிடு என் மேல் விழும். அது எனக்குப் போட்ட கும்பிடு அல்ல. ஆகையால் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு சற்று ஒதுங்கி நின்றுகொள்கிறேன்.