நார்மல் மாமா

ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த அண்ணனுக்குத் தெருவே வைத்த பெயர் ‘நார்மல்’. யார் வந்து கையை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் விழும். வாசலில் பெரிய போர்டு, உள்ளே ஏசி, சுவரில் அவரே மாட்டிக்கொண்ட அவர் படம். தலைக்கனம் மட்டும் அந்தக் கூடத்துக்குள் அடங்காது.

அவர் தங்கையின் மகளுக்குக் காதில் சீழ் வந்தது, வற்றியது, மறுபடி வந்தது. தோலில் கட்டி, நெஞ்சில் சளி. இரண்டு வருஷமாக இதே பாடு. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ரத்தத்தை மெஷினில் விட்டு, காபியை உறிஞ்சியபடியே தீர்ப்புச் சொல்வார்.

“வெள்ளை அணு எண்ணிக்கை கச்சிதம். எல்லாம் நார்மல். நீதான் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுக்கறே.”

“பெரிய ஆஸ்பத்திரியில காட்டட்டுமாண்ணா?”

“என்னை நம்பாம போறியா? போ. மூக்கறுபட்டு வா.”

அண்ணன் சொன்னால் வேதம் என்று அவளும் இருந்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன்மீதே காறித் துப்பத் தோன்றும். மகள் காய்ச்சலில் துவண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணனும் பின்னாலேயே வந்தார், டாக்டர்களுக்குப் பாடம் நடத்த.

சில வாரம் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படம் காட்டினார்.

“வெள்ளை அணுவுக்குள்ள நூல் நூலா ஒரு எலும்புக்கூடு இருக்கும்மா. கிருமியோட அடையாளம் பட்டதும் அது கலைஞ்சு, புதுசா கட்டிக்கும். அப்பத்தான் அணு தட்டையா விரிஞ்சு, இறுக்கிப் பிடிச்சு, சண்டைக்கு முழிச்சுக்கும். உங்க பொண்ணுக்கு அந்தக் கட்டுமானமே நடக்கல. கிருமியைத் தொடுது, வழுக்கிட்டுப் போயிடுது.”

திரையில் வேறொரு குழந்தையின் அணு பரந்து ஒட்டிக்கொண்டது. மகளுடையது பட்டாணி மாதிரி உருண்டுகொண்டே இருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். “எண்ணிக்கை நார்மல்தானே மேடம்?”

“தூங்கற காவல்காரங்களை எண்ணி என்ன சார் பண்றது?”

ஏதோ ஜோக் கேட்டவர்போல அவர் சிரித்தார். வெட்கம் என்பது அவர் மெஷினில் ஏறாத சங்கதி.

வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பிள்ளை பிழைப்பாள், ஆனால் ஏற்கெனவே கெட்டது கெட்டதுதான் என்றார் டாக்டரம்மா.

வார்டில் அண்ணன் குனிந்து, மருமகளின் இடது காதருகே குழைந்தார். “பாப்பா, மாமா கிளம்பறேன்டா.”

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, பாப்பாவுக்கு எம்மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்லண்ணா,” என்றாள் தங்கை. “அந்தப் பக்கம் காது போயிடுச்சு.”