மலையில் கேட்ட பதில் குரல்

சபையாரே, ஒரு பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டு, இனி என் பிணத்தைக்கூட யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் முடிவு கட்டிய நாளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் இந்தப் பழவேற்காட்டுக்காரன்தான். என் நைனா இந்த ஏரியில் வலை போட்டவர். கோட்டை ஒல்லாந்தர் என்னைப் படிக்க வைத்து, உபாத்தியாயராகக் கிழக்கே கடல் தாண்டிப் பத்தாவியா பட்டணத்துக்குக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மலாய் மொழியில் எழுத்தும் வேதப்பாடமும் சொல்லித்தர வேண்டும். நம் துறைமுகத்துக் கப்பல்காரர்களிடம் பொறுக்கிய மலாய் என்னுடையது. நான் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரித்துவிடும்.

பள்ளி விட்டால் பேச ஆளில்லை. ஒல்லாந்தருக்கு நான் கறுப்பன். ஊராருக்கு நான் ஒல்லாந்தரின் ஆள். வருஷக்கணக்காக என் காதில் ஒரு தமிழ்ச் சொல் விழவில்லை. சோறு பொங்கும்போது பானையோடு பேசுவேன். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதனால்தான் மலையேறத் தொடங்கினேன். நம்மூரில் கோட்டைச் சுவரைவிட உயரமாக எதையாவது பார்த்திருக்கிறோமா? முதல் நாள் பாதி வழியிலேயே முழங்கால் கெஞ்சியது. காலெல்லாம் அட்டை. ஆனால் உச்சிக்குப் போனதும், வடக்கே வெகு தூரத்தில் கடல் தெரிந்தது. உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நான் மலையில்தான். ஒரு முறை காட்டுப்பன்றி துரத்தி மரமேறினேன். இன்னொரு முறை மழையில் சறுக்கி, வேட்டி கிழிந்து, மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஒரு மாசி மாதத்தில் உச்சியிலிருந்து இறங்கும்போது பனி மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஏரியில் திசை தப்பினால் நாம் என்ன செய்வோம்? வடியும் தண்ணீரைப் பார்ப்போம். அது போகிற பக்கம் படகை விட்டால் முகத்துவாரம் வந்துவிடும். நானும் ஓர் ஓடையைக் கண்டுபிடித்து அதோடு இறங்கினேன். மலையில் தண்ணீர் குதிக்கும் என்று ஏரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? வழுவழுப்பான பாறைகளில் சறுக்கிச் சறுக்கி வந்து, ஒரு விளிம்பில் நின்றேன். அதற்குக் கீழே ஓடை அருவியாக விழுந்தது. திரும்பி ஏறப் பிடிமானம் இல்லை. கணுக்கால் வேறு பிசகிவிட்டது.

மலாயில் கத்தினேன். ஒல்லாந்து மொழியில் கத்தினேன். ஒருவரும் வரவில்லை. கடைசியில் தமிழில் ஜெபித்தேன். “ஆண்டவரே, பிழைக்க வையும் என்றுகூடக் கேட்கவில்லை. என்னைத் தனியாகச் சாக விடாதேயும்.”

பிறகு ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது, நம் ஏரிக் கூவலைக் கூவினேன். பனியில் படகுகள் ஒன்றையொன்று தேடும்போது கூவுவோமே, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கேட்டவன் பகையாளியாக இருந்தாலும் அதைத் திருப்பிப் போட்டுப் பதில் கூவியாக வேண்டும்.

மேலேயிருந்து பதில் வந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

மறுபடி கூவினேன். குரல் நெருங்கி வந்தது. ஒரு பெண் குரல்.

“யாருய்யா அது? நம்ம ஏரிக்காரனா?”

“ஆமாம்மா! பழவேற்காடு!”

“நான் பசியாவரம், அதே ஏரிதான். ஆடாம நில்லு. கயிறு எட்த்துகினு வரேன்.”

அவள் பெயர் கன்னியம்மா. பஞ்ச காலத்தில் விற்கப்பட்டு, இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவள். மலைச்சரிவில் ஒல்லாந்தன் ஒருவனின் பண்ணையில் அடிமை. விறகு பொறுக்க வந்த இடத்தில் என் கூவல் கேட்டிருக்கிறது. தன்னோடு வந்தவர்களைக் கூட்டிவந்து, கயிறு விட்டு, என்னை மேலே இழுத்தாள்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. எதிரே குந்தி என் வாயையே பார்த்தாள்.

“எதுனா பேசு. இன்னா வேணா பேசு. இங்க வந்தப்புறம் நம்ம பேச்சு பேசுற ஆளே எனக்குக் கெடைக்கல. ஒருத்தனையாவது அனுப்புன்னு தெனம் அம்மனாண்ட அழுதேன்.”

எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது என்று வாதம் பண்ண எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. என் ஜெபத்துக்கு அவள் வந்தாள் என்று நினைத்திருந்தேன். அவளுடைய அழுகைக்கு நானும் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

அதன்பிறகு உச்சிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணை வேலி வரைக்கும் ஏறுவேன். அவள் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள், நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் தவணை முடிந்தது, கப்பல் வந்தது. அவளை விடச் சொல்லி எசமானிடம் எவ்வளவோ மன்றாடினேன். மறுத்துவிட்டான். கடைசி நாளில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

இங்கே கப்பலை விட்டு இறங்கியதும் நான் முதலில் பசியாவரத்துக்குத்தான் போனேன். அவளுடைய அண்ணன் எப்போதோ அவளுக்குக் கருமாதி செய்து முடித்திருந்தார். “உயிரோட கீறாளா?” என்று கேட்டு என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

தனியாக இருக்கிறவர்களே, ஆண்டவரிடம் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். நான் பிழைத்து உங்கள் முன் நிற்கிறேன், தேவனுக்கு நன்றி. ஆனால் அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், பேச ஆளில்லாமல். இப்போது என்னோடு முழங்கால் போடுங்கள். கன்னியம்மாவுக்காகக் கேட்போம்.