பழைய காருக்குக் கெட்டி ஆயில்

இருபது வயதைத் தாண்டிய எங்கள் காரில்தான் கணவரை லாபு தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கு டயாலிசிசுக்கு அழைத்துப் போவேன். இனி அதிகக் காலமில்லை என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதைக் கணவரிடம் மறைத்துவிட்டேன்.

ஒருநாள் வழியில் கார் புகை கக்கியது. பட்டறையில் நிறுத்தி, எந்த ஆயில் ஊற்றலாம் என்று கேட்டேன்.

“ரொம்ப நாள் ஓட்டணும்னா இஞ்சினையே பிரிச்சு செய்யணும்கா. கொஞ்ச நாளைக்குன்னா கெட்டி ஆயிலு போதும்லா. எவ்வளவு நாளைக்கு வேணும்?” என்றார் மெக்கானிக்.

காருக்குள் உட்கார்ந்திருந்த கணவர் கண்ணாடியை இறக்கினார்.

“கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. கெட்டியானதையே ஊத்துங்க.”

புகை குறைந்தது. மறுபடி சிரம்பானுக்குக் கிளம்பினோம். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தனக்கு நாள் குறைவு என்று தெரிந்த பயத்தோடு அவரைத் தனியே விட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது.